பேலீஃப் பண்ணை வீடு: இரண்டு முறை கோர்க்கப்பட்ட ஒரு கென்ட் வீடு

இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள கென்ட் மாவட்டத்தில், சிடிங்ஸ்டன் ஊரை ஒட்டி பேலீஃப் என்றொரு பண்ணை வீடு சுமார் 550 ஆண்டுகள் நின்றது. 1960களில் கிழக்கு சர்ரே தண்ணீர் நிறுவனம் அந்தப் பக்கத்து பவ் பீச் பள்ளத்தாக்கில் ஒரு நீர்த்தேக்கம் கட்ட இறங்கியது. குளிர்காலத்தில் ஈடன் ஆற்றில் ஓடும் தண்ணீரை இறைத்துத் தேக்கிக் கோடையில் குழாய்க்கு விடுவதுதான் திட்டம். பேலீஃப் அதற்கு வழிவிட வேண்டியதாயிற்று.

பொதுவாக இப்படிப்பட்ட வீட்டுக்கு அன்று கிடைத்த மரியாதை புல்டோசர்தான். பேலீஃபுக்கு நேரம் நன்றாக இருந்தது. ராய் ஆம்ஸ்ட்ராங் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர், கிராலி புதுநகரம் எழும்பிய காலத்தில் அந்த வட்டாரத்துப் பழைய மர வீடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பார்த்தவர். நின்ற இடத்தில் காப்பாற்ற முடியாத வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து நிறுத்த ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் வேண்டும் என்று ஆட்களைத் திரட்டினார். 1967இல் வேலை தொடங்கியது. மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டன் ஊரில் இடம் கிடைத்தது. 1970இல் வீல்டு அண்டு டவுன்லேண்டு அருங்காட்சியகம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. யோசனை புதிதல்ல. ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சென் 1891லேயே வந்துவிட்டது, வேல்ஸின் செயின்ட் ஃபேகன்ஸ் 1948இல் வந்தது. இங்கிலாந்துதான் இந்த விஷயத்தில் மெதுவாக விழித்துக்கொண்டது.

தண்ணீர் நிறுவனம் வீட்டை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. 1968-69இல் கழற்றினார்கள். 1972இல், நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, சிங்கிள்டனில் மறுபடி நிறுத்தினார்கள். ஆனால் அங்கே எழுந்தது சிடிங்ஸ்டனில் கழற்றிய அதே வீடு அல்ல. 1968இல் வேலையாட்கள் போய் நின்றபோது பேலீஃபுக்குப் புகைபோக்கி இருந்தது, கூடத்துக்கு மேலே மாடி இருந்தது. சிங்கிள்டனில் இரண்டும் இல்லை. இந்த ஆய்வு அந்த வித்தியாசத்தைப் பற்றியது. அதைப் புரிந்துகொள்ள முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

ஒரே கூரை, மூன்று பகுதி

பேலீஃப் 'வீல்டன்' வகை வீடு. வடக்கு டவுன்ஸ், தெற்கு டவுன்ஸ் என்ற இரு சுண்ணக்கல் மேட்டுநிலங்களுக்கு நடுவே கிடக்கும் களிமண்ணும் ஓக் காடும் நிறைந்த பகுதிதான் வீல்டு. கென்டிலும் சசெக்ஸிலும் இந்த வகை வீடுகள் நூற்றுக்கணக்கில் இன்னும் நிற்கின்றன.

நடுவில் கூடம். அதற்கு மாடி கிடையாது, தரையிலிருந்து கூரை முகடு வரை ஒரே வெளி. இரு பக்கமும் மாடி வைத்த பகுதிகள். பக்கப் பகுதிகளின் மாடிச் சுவர், கீழ்ச்சுவரைத் தாண்டி முன்புறம் துருத்திக்கொண்டு நிற்கும். கூடத்தின் சுவர் அப்படித் துருத்தாது. அதனால் முன்னால் நின்று பார்த்தால் நடுப்பகுதி உள்வாங்கியது போலத் தெரியும். உண்மையில் கூடச்சுவர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, பக்கங்கள்தான் முன்னே வந்திருக்கின்றன. கூரையோ வளையாமல் நெளியாமல் ஒரே நேர்கோட்டில் ஓடுகிறது. அப்படியானால் நடுவில் கூரையின் விளிம்பைத் தாங்குவது எது? ஒரு நீண்ட உத்தரம், கூடச்சுவரைத் தொடாமல் வெறும் காற்றில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போகிறது. வளைந்த இரண்டு தாங்குகட்டைகள் அதைப் பக்கங்களிலிருந்து பிடித்துக்கொள்கின்றன. இந்த வகை வீட்டை அடையாளம் காண இதைவிட எளிய வழி கிடையாது.

உள்ளே மொத்தம் ஆறு அறைகள். எதிரெதிரே இரண்டு வாசல், நடுவில் வீட்டைக் குறுக்கே கடக்கும் நடை. நடையின் ஒரு பக்கம் இரண்டு சிறிய சாமான் அறைகள்: ரொட்டிக்கும் உணவுக்கும் ஒன்று, பீருக்கும் பீப்பாய்களுக்கும் ஒன்று. அவற்றுக்கு மேலே ஓர் அறை. நடையின் மறுபக்கம் கூடம். கூடத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் தனியறை, அதற்கு மேலே அவருடைய படுக்கையறை. மேலறையை ஒட்டி வெளியே நீட்டிய ஒரு சிறு கழிப்பிடமும் உண்டு. விவசாயி வீட்டில் மாடியிலேயே கழிப்பிடம் என்றால், அவர் கையில் கொஞ்சம் காசு புழங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கூடத்துக்கு மாடி இல்லாததால் ஒரு சங்கடம். இந்தக் கோடி மாடியிலிருந்து அந்தக் கோடி மாடிக்குப் போக மேலே வழியே இல்லை. கீழே இறங்கி, கூடத்தைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். இன்று நமக்கு இது வீண் அலைச்சலாகப் படுகிறது. அன்றைக்கு, மேல் கோடி எஜமானுக்கு, கீழ்க் கோடி வேலைக்கும் வேலையாட்களுக்கும் என்று பிரிந்திருந்தது. நடுவில் இருந்த கூடம் எல்லோருக்கும் பொது. அங்கேயும் எஜமானின் மேசை மேல் கோடிச் சுவரை ஒட்டித்தான் போடப்படும்.

ஓக் மரக் கணக்கு

வீடு முழுக்க ஓக். அதுவும் பச்சை ஓக். தடித்த ஓக் கட்டை உள்வரை உலர ஆண்டுக்கணக்கில் ஆகும். உலர்ந்தபின் உளி இறங்காத அளவுக்கு இறுகிவிடும். அதனால் வெட்டிய சூட்டோடு செதுக்கி, துளையிட்டு, கோர்த்துவிடுவார்கள். கோர்த்தபிறகு மரம் தன்பாட்டுக்கு உலர்ந்து சுருங்கும், முறுக்கும், இணைப்பு இன்னும் இறுகும். பழைய ஆங்கிலேய வீடுகள் கோணல்மாணலாக நிற்பதற்கு முதுமை மட்டும் காரணமல்ல, பாதிக் கோணல் முதல் சில ஆண்டுகளிலேயே வந்துவிடும்.

இரும்பு ஆணிக்கு சட்டகத்தில் வேலையே இல்லை. ஒரு கட்டையின் நுனியை நாக்கு போலச் செதுக்கி, மற்றொன்றில் வெட்டிய துளையில் செருகி, குறுக்கே துளை போட்டு ஓக் முளையை அடித்து இறக்குவார்கள். இந்த வேலை வீடு எழும் இடத்தில் நடப்பதில்லை. தச்சர் தன் பட்டறையில் ஒவ்வொரு சுவர்ச் சட்டகத்தையும் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார். சரியாக இருந்தால் இணைப்புகளில் உளியால் எண் கீறுவார். ரோமன் எண்கள்தான், ஆனால் நான்குக்கு நான்கு கோடு. பிறகு எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், எண் பார்த்து நிறுத்துவார். ஆக பேலீஃப் பிறந்ததே துண்டுகளாகத்தான். 1968இல் முளைகளைத் தட்டிப் பிரித்தவர்கள் அந்த முதல் தச்சரின் வேலையைப் பின்னாலிருந்து முன்னோக்கிச் செய்தார்கள், அவ்வளவுதான்.

எத்தனை மரம் பிடிக்கும்? சஃபோக்கின் ஸ்டாண்டன் ஊரில், 1500 வாக்கில் கட்டிய ஒரு பண்ணை வீட்டுக்கு ஒலிவர் ராக்கம் என்ற காட்டியல் அறிஞர் கணக்குப் போட்டார்: ஏறக்குறைய 330 மரங்கள். கேட்டதும் காடே அழிந்திருக்கும் என்று தோன்றும். ஆனால் அவற்றில் பல ஒன்பது அங்குல விட்டம்கூட இல்லாத இளம் மரங்கள். ஒரு கட்டைக்கு ஒரு மரம் என்று அளவு பார்த்து வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் அடுத்த தலைமுறை துளிர்த்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு பழங்கதையையும் ஓரம்கட்டிவிடலாம். இங்கிலாந்தில் எந்தப் பழைய மதுக்கடைக்குள் நுழைந்தாலும், 'இந்த உத்தரமெல்லாம் உடைந்த போர்க்கப்பலிலிருந்து வந்தது' என்று யாராவது சொல்வார்கள். சாட்சியாக, எதையும் தாங்காமல் வெறுமனே திறந்து கிடக்கும் துளைகளைக் காட்டுவார்கள். அவை பெரும்பாலும் முன்பு வேறொரு வீட்டில் இருந்த கட்டையின் துளைகள், இல்லாவிட்டால் அதே வீட்டில் எப்போதோ இருந்து எடுக்கப்பட்ட சுவரின் துளைகள். கடலிலிருந்து வெகுதூரம் உள்ள ஊரிலும் இதே கதையைக் கேட்கலாம். காலித் துளைகள் சொல்லும் உண்மைக் கதை அதைவிட உருப்படியானது. எந்தச் சுவர் எங்கே இருந்தது, எந்தச் சன்னல் அடைக்கப்பட்டது என்பதை அவற்றை வைத்தே படிக்கலாம். பேலீஃபை மறுபடி கட்டியவர்களுக்கு அதுதான் முதல் ஆவணம்.

சட்டகத்தின் இடைவெளிகளில் ஓக் குச்சிகளை நட்டு, இடையே மெல்லிய கழிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்து இரு பக்கமும் அப்பியிருப்பார்கள். சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, அது அன்று பெரிய இடத்துச் சமாச்சாரம். செங்குத்தான மரக்கம்பிகள், உள்ளே பலகைக் கதவுகள். வெளிச்சம் வேண்டுமா, குளிர் வேண்டாமா என்று ஒவ்வொரு நாளும் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

வளையங்கள் சொன்ன ஆண்டு

வீட்டின் வயதைச் சொன்னது மர வளையக் கணிப்பு. ஈரமான ஆண்டில் அகன்ற வளையம், வறண்ட ஆண்டில் ஒடுங்கிய வளையம் என்று ஒரு வட்டாரத்து ஓக் மரங்கள் எல்லாம் ஒரே வரிசையைப் பதிந்து வைத்திருக்கும். அந்த வரிசையைத் தெரிந்த வரிசையோடு ஒட்டிப் பார்த்தால் மரம் வெட்டிய காலம் கிடைக்கும். பச்சையாகவே கட்டியதால், வெட்டிய காலமும் கட்டிய காலமும் ஏறக்குறைய ஒன்று. பட்டையை ஒட்டிய கடைசி வளையம் தப்பியிருந்தால் ஆண்டையே சொல்லிவிடலாம். ஆனால் தச்சர்கள் வைரம் பாய்ந்த உள்பகுதியை வைத்துக்கொண்டு, பட்டையை ஒட்டிய மென்மரமான வெளிறைச் செதுக்கிவிடுவதும், எஞ்சிய வெளிறைப் பூச்சி தின்றுவிடுவதும் வழக்கம். அப்போது, போன வளையங்கள் எத்தனை இருக்கும் என்று கணித்து ஒரு கால இடைவெளியைத்தான் தர முடியும்.

பேலீஃபில் கிடைத்தது இதுதான்: கூடமும் சாமான் அறைப் பக்கமும் 1405க்கும் 1430க்கும் இடையில். எஜமானின் மேல் கோடி 1505-1510 வாக்கில். வெளியே ஒரே கூரையின்கீழ் ஒரே மூச்சில் கட்டியது போல நிற்கும் வீட்டுக்குள் ஒரு நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. பின்னால் வந்த தச்சர், தன் பகுதியைத் தாத்தா காலத்துப் பாணியிலேயே அமைத்திருக்கிறார். வீல்டன் வடிவம் 100 ஆண்டுகளுக்குப் பிறகும் மதிப்புக் குறையாமல் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கென்ட் விவசாயிகளுக்கு இப்படிக் கட்ட எப்படி முடிந்தது? ஒரு காரணம் கொடூரமானது. 1348-49இன் கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்கையாவது கொண்டுபோனது. பிழைத்தவர்களுக்கு நிலம் தாராளமாகக் கிடைத்தது, கூலி உயர்ந்தது. இன்னொன்று கென்டுக்கே உரிய 'கேவல்கைண்ட்' வழக்கம். இங்கிலாந்தின் மற்ற பெரும்பாலான பகுதிகளில் சொத்து மூத்த மகனுக்குப் போகும்போது, கென்டில் எல்லா மகன்களுக்கும் சமமாகப் பிரியும். நிலத்தை விற்கவும் வாங்கவும் சுதந்திரம் அதிகம். லண்டன் சந்தை வேறு கைக்கெட்டும் தூரத்தில். இந்த மூன்றும் சேர்ந்து, பிரபுவும் அல்லாத கூலியும் அல்லாத ஒரு நடுத்தர விவசாயி வர்க்கம் கென்டில் செழித்தது. பேலீஃப் மாதிரி வீடுகள் அவர்களுடையவை.

புகை

கூடத்தின் நடுவில், தரையில், திறந்த அடுப்பு. புகைபோக்கி இல்லை. புகை மேலே ஏறி, கூரையில் தங்கி, ஓட்டு இடுக்குகளிலும் கூரைக் கோடியின் திறப்புகளிலும் மெல்லக் கசிந்து வெளியேறும். கூடத்துக்கு மாடி இல்லாததன் காரணமே இதுதான். அத்தனை உயரம் இல்லையென்றால் புகை மூக்கு மட்டத்தில் நிற்கும். நன்கு உலர்ந்த விறகைச் சிறு தீயாக வைத்தால் புகை தலைக்கு மேலேயே நிற்கும் என்பதை அருங்காட்சியகத்திலேயே பார்க்கலாம். அங்கே இன்றும் அந்த அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். பார்த்துவிட்டு வந்தால் சட்டையில் வாசம் இருக்கும்.

வரலாற்று ஆய்வாளருக்கு இந்தப் புகை ஒரு வரம். கென்டில் முன்பக்கம் செங்கல், பெரிய கண்ணாடிச் சன்னல், நடுவில் கனத்த புகைபோக்கி என்று 18ஆம் நூற்றாண்டுக் களையோடு நிற்கும் எத்தனையோ வீடுகள் உண்டு. பரணில் ஏறி, டார்ச் அடித்து, கைமரத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரல் கறுத்தால், அதுவும் இணைப்புகளின் இடுக்குவரை மின்னும் கரி படிந்திருந்தால், அந்தக் கூரைக்குக் கீழே ஒரு காலத்தில் திறந்த அடுப்பு எரிந்திருக்கிறது. முகப்பை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், பரணைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை.

16ஆம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. எசெக்ஸின் ராட்வின்டர் ஊர்ப் பாதிரியார் வில்லியம் ஹாரிசன் 1577இல் எழுதும்போது, தன் ஊர்க் கிழவர்கள் தங்கள் வாழ்நாளில் வியந்து பார்த்த மாற்றங்கள் மூன்று என்கிறார். அதில் முதலாவது, புதிதாக எழும்பிய புகைபோக்கிகளின் எண்ணிக்கை. மற்ற இரண்டும் மெத்தையும் பாத்திரமும். செங்கல் மலிவானது, புகை ஒரு குழாய்க்குள் அடங்கியது, உடனே கூடத்தின் மேல்வெளி சும்மா கிடப்பது உறுத்தியது. குறுக்கே உத்தரம் போட்டுப் பலகை பரப்பினார்கள். ஒரே வேலையில் ஒரு பெரிய மாடியறை கிடைத்தது, இரு கோடி மாடிகளும் இணைந்தன. இறங்கி ஏறும் அலைச்சல் போயிற்று. பேலீஃபிலும் நடந்தது இதுதான்.

எடுத்தது சரியா?

1972இல் அருங்காட்சியகத்தின் முன் இரண்டு வழி இருந்தது. கழற்றியபோது இருந்தபடியே புகைபோக்கியும் கூடத்து மாடியுமாக நிறுத்துவது ஒன்று. பின்னால் வந்தவற்றை விலக்கி, சட்டகம் சாட்சி சொல்லும் பழைய நிலைக்குத் திருப்புவது மற்றது. இரண்டாவதைத் தேர்ந்தார்கள். 1980களின் இறுதியில் இன்னும் ஒரு படி போய், வீட்டை 1540ஆம் ஆண்டுக்கு நிறுத்தினார்கள். அக்காலச் சொத்துப் பட்டியல்களையும் எஞ்சிய பொருள்களையும் பார்த்து மேசை, பெட்டி, கட்டில், பாத்திரம், துணி என்று எல்லாவற்றையும் புதிதாகச் செய்து வைத்தார்கள். சுற்றிலும் காய்கறிப் பாத்தி, பழத்தோட்டம், வயல். பக்கத்தில் மேற்கு சசெக்ஸின் கௌஃபோல்டு ஊரிலிருந்து வந்த களஞ்சியம், மரங்கள் வெட்டப்பட்டது 1536.

இங்கிலாந்தில் இது லேசான விஷயமல்ல. 1877இல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே, தேவாலயங்களைச் சுரண்டிச் சுரண்டி 'அசல் காலத்துக்கு'த் திருப்பும் வெறியை எதிர்த்துத்தான். ஒரு கட்டடத்தில் ஒவ்வொரு தலைமுறை சேர்த்ததும் அதன் வரலாறு, எதை வைப்பது எதை எறிவது என்று முடிவு செய்ய நமக்கு என்ன உரிமை என்பது அந்தச் சங்கத்தின் வாதம். அந்தக் கண்ணோடு பார்த்தால், பேலீஃபில் நடந்தது மாரிஸ் எதிர்த்த காரியமேதான். புகையில்லாத பேலீஃபில் வாழ்ந்த தலைமுறைகள், புகையோடு வாழ்ந்தவர்களைவிட அதிகம். சிங்கிள்டனில் அவர்களுக்கு ஒரு மூலைகூட இல்லை.

ஆனாலும் நான் அருங்காட்சியகத்தின் பக்கம்தான். மாரிஸின் வாதம் தன் மண்ணில் நிற்கும் கட்டடத்துக்குப் பொருந்தும். பேலீஃப் மண்ணை விட்டுவிட்டது. அதன் வயல், கிணறு, பாதை எதுவும் கூட வரவில்லை. இடம் பெயர்ந்த வீட்டுக்கு மிஞ்சுவது, அது கற்றுத்தரக்கூடியது மட்டும்தான். மாடியும் புகைபோக்கியும் வைத்த பழைய வீட்டைப் பார்க்க கென்டின் எந்தக் கிராமத்துக்கும் போகலாம், பலவற்றில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். திறந்த கூடத்தில் நிஜமாகவே அடுப்பெரியும் விவசாயி வீட்டைப் பார்க்க அப்படி ஊர் ஊராக வாய்ப்பில்லை. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. 1540 என்று ஒரே ஆண்டைச் சொன்னதும், பார்க்க வருபவர் அந்த மேசையும் கட்டிலும் வீட்டோடு வந்தவை என்று நம்பிவிடுகிறார். ஓக் தூணுக்குச் சுமார் 600 வயது, பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கு 40கூட ஆகவில்லை. இரண்டும் ஒரே புகையில் கறுத்துக்கொண்டிருப்பதால் வித்தியாசம் வருடா வருடம் இன்னும் மங்கும்.

பக்கத்து வீடு தந்த பாடம்

அதே சிடிங்ஸ்டன் பகுதியிலிருந்து, அதே நீர்த்தேக்கத்துக்காக, விங்க்ஹர்ஸ்ட் என்ற இன்னொரு கட்டடமும் சிங்கிள்டனுக்கு வந்தது. பேலீஃபைவிடச் சின்னது. அருங்காட்சியகத்தில் முதன்முதலில் எழுந்த வீடே அதுதான். சிறு விவசாயியின் இடைக்கால வீடு என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். பல ஆண்டுகள் அப்படியே காட்டினார்கள். ஆனால் சில விஷயங்கள் பொருந்தவில்லை. புகை ஏறுவதற்கான திறந்த வெளி வீட்டின் அளவுக்கு மீறி இருந்தது. தனி வீட்டுக்கு வேண்டிய அமைப்பு இல்லை. மறுபடி உட்கார்ந்து சட்டகத்தைப் படித்தபோது தெரிந்தது: அது தனி வீடே அல்ல, ஒரு பெரிய வீட்டை ஒட்டி நின்ற சமையல்கட்டு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது.

அருங்காட்சியகம் மழுப்பவில்லை. 2000களின் தொடக்கத்தில் விங்க்ஹர்ஸ்டை மறுபடி கழற்றி, வளாகத்திலேயே வேறு இடத்தில் சமையல்கட்டாகக் கட்டினார்கள். முளை அடித்த ஓக் சட்டகம் என்பதால் இதைச் செய்ய முடிந்தது, சிமென்டில் அப்பியிருந்தால் பிழையும் சேர்ந்து இறுகியிருக்கும். அதே காலத்தில், 2002இல், அதே வளாகத்தில் ஒல்லியான பச்சை ஓக் கட்டைகளை வளைத்துக் கட்டிய டவுன்லேண்டு கிரிட்ஷெல் என்ற பட்டறைக் கூடமும் எழுந்து, அந்த ஆண்டின் ஸ்டிர்லிங் கட்டடக்கலைப் பரிசுக்கான இறுதிப் பட்டியல்வரை போனது. பழைய சட்டகங்களைப் பழுதுபார்ப்பதும் தச்சர்களுக்குப் பயிற்சி தருவதும் அங்கேதான். பிபிசியின் 'தி ரிப்பேர் ஷாப்' நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு இந்த வளாகம் ஏற்கெனவே தெரிந்திருக்கும், அதைப் படம்பிடிப்பது இங்கே உள்ள ஒரு பழைய களஞ்சியத்தில்.

விங்க்ஹர்ஸ்டில் இப்போது டியூடர் மன்னர்கள் காலத்துச் சமையலைச் செய்துகாட்டுகிறார்கள்.